நாற்பத்தொன்பது கிலோமீற்றர்

ஐம்பது கிலோமீற்றருக்கு மேலே இருந்தால்தான் கட்டில்.
கந்தோரில் போனை எடுத்தவர்
நெடுங்கேணிப் பாதையால் அளந்தார்.
பஸ் மாங்குளத்தால் சுற்றித்தான் வரும் என்றேன்.
"மெப் இப்படித்தான் காட்டுது, தங்கச்சி."

ஆகவே பம்பைமடு விடுதியில்
பதினேழாம் அறையில்
நான் இல்லை.
நெத்மியின் கட்டிலுக்கும் சஹ்மியாவின் கட்டிலுக்கும் நடுவில்
ஒரு பாய் அகலத்துக்கு
இல்லாமல் இருக்கிறேன்.

வோடன் மிஸ் ஆட்களை எண்ணுவதில்லை,
வாசலில் செருப்பை எண்ணுவா.
என் செருப்பு தலையணைக்குக் கீழே,
செம்மண்ணோடு.

குளிப்பது விடிய மூன்று மணிக்கு,
மயில்கள் அகவத் தொடங்கமுதல்,
தாங்கியில் மிச்சம் கிடக்கும் தண்ணீரில்.
சோதினைக் கிழமை குப்பி நடந்தால்
கணக்குச் சொல்லிக் கொடுப்பது நான்தான்.
பதினொரு பேர் நெருங்கி இருப்பார்கள்;
இது ஆற்ற பாய் என்று
ஒருத்தியும் கேட்டதில்லை.

நெத்மி குளியாப்பிட்டி. தமிழில் அவளுக்கு
முதலில் வந்த முழு வசனம்:
"இங்க மூண்டு பேர்தான், மிஸ்."
அவ்வளவு சுத்தமாய்ச் சொன்னாள்,
எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

நேற்று மழை. கரண்டும் இல்லை.
லைபிரரியால் ஓடிவந்தவள்
மறதியில் வாசலிலேயே கழற்றிவிட்டேன்.
நாலு சோடி.
டோர்ச் வெளிச்சம் கதவுக்குக் கீழால் வந்து நின்றது.
தனுஜிகா குறட்டை விட்டாள், பொய்க்குறட்டை.
பிறகு
ரப்பர் சீமெந்தில் உரசும் சத்தம்.

விடியப் பார்த்தால்
நாலாவது சோடி
தூவானம் படாத மூலையில் இருந்தது.
சோடியென்றால், இடக்கால் மட்டும்;
வலக்காலை நாய் கொண்டுபோயிருந்தது.
எட்டுமணி லெக்சருக்கு
நெத்மியின் செருப்பில் போனேன், ஒரு அளவு பெரிசு.
கொப்பியில் மிஸ்
எத்தனை என்று எழுதினாவோ.