குழாய் உடைந்த இடம்

கடல்முக வீதியில் மூன்று முழம் தோண்டினோம்.
முதலில் தார், பிறகு செம்மண்,
பிறகு ஒல்லாந்தரின் மஞ்சள் செங்கல்,
பணிஸ் மாதிரிச் சின்னது.
அதற்கும் கீழே ஒரு கருங்கல்.
தடவிப் பார்த்த யோகச்சந்திரன்
"செதிள் இருக்கு" என்றான்.
மீனா, தாமரையா, விளங்கவில்லை.

கோயிலை உடைத்துக் கோட்டை கட்டினார்களாம்.
மிஞ்சிய கல்லில் யார் யாரோ வீடு.
எங்களுக்கு வேண்டியது வெள்ளைக்காரன் குழாய்:
இரும்பு, இன்னும் அவன் ராணியின் எழுத்தோடு
ஒழுகிக்கொண்டிருந்தது.

படம் எடுப்போமா என்றான் றிஸ்மி.
எடுத்தால் தொல்பொருள்காரர் வருவார்கள்,
மாதக்கணக்கில் தண்ணி வராது.
சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினோம்.

மூடுமுன்
கோட்டைப் பக்கமிருந்து இரண்டு மான்கள்.
குழியில் தேங்கிய நீரைக்
கல்லின்மேல் கால் வைத்துக்
குடித்துவிட்டுப் போகட்டும் என்று
மண்வெட்டியோடு நின்றோம்.