பென்சில் செல்

பகலெல்லாம் என் கையில் கொள்முதல் நிலையத்து ஈரப்பதமானி.
ஒரு பிடி நெல்லைப் போட்டு மூடியைத் திருகினால்
பதினேழு என்றோ இருபத்தொன்று என்றோ சொல்லும்.
சுற்றி நிற்கிற எட்டுப் பேரும்
என் முகத்தைப் பார்ப்பதில்லை, திரையைத்தான்.
"இன்னொரு தடவை போடுங்க சார், அடி மூட்டையிலேருந்து."
போடுவேன்.
இருபத்தொன்றுதான்.

ராத்திரி கூத்தாநல்லூர் திரும்பி, சாப்பிட்டு,
கதவை ஒருக்களித்துக்கொண்டு எடுப்பது வேறு திரை.
சாம்பல் பச்சையில் செங்கல் விழும்.
அட்டைப்படி ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டு,
எண்ணிப் பார்த்தால் பதினொன்று.
இப்படி முப்பத்தொரு பெட்டி சேர்ந்துவிட்டது.

நாற்பத்து நாலு வயசில் எதற்கு என்கிறாள் தஸ்லிமா.
விலை ஏறும் என்று சொல்லியிருக்கிறேன்.
லோடுமேன் மாணிக்கவேலுவிடம், தூக்கம் வரமாட்டேங்குது என்று.
கூரியர் பையனிடம், பிள்ளைக்கு.
அவன் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டான்.

பிரிக்காத பெட்டி எனக்கு வேண்டாம்.
விற்பவர்கள் அதைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள்.
இடது அம்பு தேய்ந்து மழமழவென்று ஆனது வேண்டும்.
ஒன்றில், மூடியின் உள்பக்கம்,
காம்பஸ் முனையால் கீறியிருந்தது:
வ. குணசீலன், 7 ஆ.
யாரோ.
எந்தக் கட்டை வந்தாலும் இடப்பக்கமே ஒதுக்கியிருக்கிறான்.

என்னுடையது அத்தா சபரிலிருந்து கொண்டுவந்தது,
கோடாலித் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவில் சொருகி.
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார்.
அந்த நாற்பது நாளும் அது என் கைக்கு வரவில்லை.
எல்லாரும் படுத்த பிறகு கொசுவலைக்குள் டிக் டிக் கேட்கும்.
கப்பல் பட்டறையில் சூடு வாங்கித் தடித்த கட்டைவிரல்.
ஒரு வரிசை நிரம்பி மறையும்போது
"ம்" என்பார், யாருக்கோ பதில் சொல்வதுபோல.

அவர் விமானம் ஏறிய மறுநாள் பார்த்தேன்.
அதிகபட்சம்: 41,700.
எனக்கு ஆறாயிரமே மலை.
செல் தீர்ந்துவிடுமோ என்று
ஆடுவதையே நிறுத்திவிட்டேன்.

ஐப்பசியில் புயல்.
கரண்ட் போன இரண்டாம் ராத்திரி
லெட்சுமாங்குடிப் பக்கம் வெண்ணாறு உடைக்கப்போகிறது என்றார்கள்.
உம்மா இருட்டில் துழாவி, மூடியைக் கழற்றி,
இரண்டு பென்சில் செல்லையும் ரேடியோவில் போட்டாள்.
காரைக்காலுக்குக் கிழக்கே எத்தனை கிலோமீட்டர் என்று
விடியும்வரை அது சொல்லிக்கொண்டிருந்தது.
கரை நின்றது.
உம்மா செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்பேன்.
காலையில் செல்லைத் திருப்பிப் போட்டேன்.
பூஜ்யம்.

அத்தா ஒரேயடியாக வந்து பதினெட்டு வருஷம்.
போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் கையில்
அதே மாதிரி, அதே மஞ்சள் பொத்தான், ஒன்றை வைத்தேன்.
திருப்பிப் பார்த்தார். விலை கேட்டார்.
"நாலு மூட்டை யூரியா" என்றார்.
"ராத்திரியெல்லாம் ஆடுவீங்களே அத்தா."
"நானா? எனக்கு ஏது நேரம்?"

புதுச் செல் போட்டதும் ஒரு நொடி
திரை முழுக்கக் கறுக்கும்.
எல்லாக் கட்டமும், எல்லா எண்ணின் எல்லாக் கோடும்,
எட்டு எட்டு எட்டு என்று.
அந்த ஒரு நொடி, அதற்குள் எந்த எண்ணும் இருக்கலாம்.
அப்புறம் வெளுக்கும்.
முப்பத்தொரு தடவை பார்த்தாயிற்று.
முப்பத்திரண்டாவது ஈரோட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

"இது சேவ் ஆகாதா?" என்றாள் மகள் ரிஃபா.
ஆகாது.
"அப்ப எதுக்கு ஜெயிக்கணும்?"
வாங்கி நாலு வரிசை அழித்துவிட்டுத்தான் தந்தாள்.

வைக்கும்முன் செல்லைக் கழற்றிவிட வேண்டும்,
ஒழுகினால் கம்பியைத் தின்றுவிடும்.
ஈரப்பதமானிக்கும் இதே செல்தான்.
நிலையத்தில் தருவது பத்து நாளில் மங்கிவிடும்.
நாளைக்கு அறுநூறு மூட்டை, மேகம் வேறு.
இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.
எதிலிருந்து எடுத்தது என்று
அங்கே யாரும் கேட்பதில்லை.