ஆய்தம்

பிடோக் சமூக மன்றம், வியாழன் இரவு.
ஏழு மேசைப் பந்தும் ஒரே தரையில்தான் ஓடும்.
ரொஸ்லான் பச்சைக் கோடு இழுத்திருப்பார்.
லிம்மின் மகள் மீன் வரைவாள்,
நாலே ஆட்டத்தில் வால் மட்டும் மிஞ்சும்.
என் பந்தில் ஃ.
இங்கே வேறு யாருக்கு வரும் இந்த எழுத்து
என்றொரு மிதப்பு.

மடக்கு நாற்காலிகளுக்கு அடியிலிருந்து
ஒன்றைப் பொறுக்கிப் பையில் போட்டார்
புதிதாய்ச் சேர்ந்த குவெக் அம்மையார்.
அது என்னுடையது என்றேன்.
இல்லையே, என்னுடையதில்
மேலே இரண்டு, கீழே ஒன்று, பாருங்கள் என்றார்.
வாங்கித் திருப்பினேன்: ஃ.
அவர் திருப்பினார்.

உருண்டைக்கு ஏது தலை, ஏது கால்?

ஜெயிப்பவருக்குப் பந்து என்றேன், வாய்க்கொழுப்பில்.
அவர் வெட்டிப் போட்ட முதல் சர்வீஸ்
சுழன்று வந்தது
ஒரு புள்ளிகூட இல்லாமல்.

பதினொன்று, ஒன்பது.
பேருந்தில் பை கொஞ்சம் லேசாக இருந்தது,
ஒரு பந்து என்ன கனம் இருந்துவிடும்.