ஒன்றுக்கு ஒன்பது

சோஹாரில் ஆகஸ்ட் மாதம்
ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்புறம்தான் வியர்க்கும்.
இரவு இரண்டு மணி. உள்ளே பதினெட்டு டிகிரி குளிரில்
நானும்
மெழுகில் புதைத்த பெருங்குடல் துணுக்குகளும்.

சீட்டில் பேஷிமுத்து என்றிருந்தது.
அரபியில் அந்தப் பகரம் இல்லை, அந்தச் சகரமும் இல்லை.
அடையாள அட்டைக்குள் நுழையும்போதே
பேச்சி எங்கோ கழன்று விழுந்திருக்கிறாள்.

லென்ஸை இறக்கினேன்.
அடுக்கிய சோதனைக் குழாய்களாய்
நிமிர்ந்து நிற்க வேண்டிய சுரப்பிக் குழிகள்
வாயடைத்துச் சாய்ந்து கிடந்தன.
உள்ளே நெருக்கியடித்து வெள்ளை அணுக்கள்,
மூன்று மூன்றாய்ப் பிளந்த கருவோடு.
கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவை,
கலையச் சொல்ல ஆளில்லாமல் நின்றுவிட்டவை.

அவற்றின் பைக்குள் ஒரு நொதி, பச்சை நிறத்தது,
சீழுக்குப் பச்சை ஏறுவதும் அதனால்தான்.
துளி பெராக்சைடு, துளி உப்பு கிடைத்தால்
பிளீச் காய்ச்சிவிடும்.
கிருமிக்கென்று காய்ச்சுவது.
கிருமி வராத நாளிலும் அடுப்பு அணைவதில்லை,
சுவர் வேகிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் அவரே வந்தார்.
கடற்கரை ஹோட்டலில் நீச்சல்குளம் கழுவுகிறவர்.
கால்சட்டையில் முட்டி இரண்டும் வெளுத்திருந்தன.
"நா குளோரினக் குடிக்கலக்கா.
கை வழியா ஏறியிருக்குமோ?"

முடிவை நான் சொல்லக்கூடாது. சொன்னேன்.
வெளியிலிருந்து வரவில்லை அண்ணாச்சி,
உங்கள் ரத்தமே உள்ளே காய்ச்சுகிறது.

கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்தார்.
"குளத்துல கூடிப்போச்சுன்னா
டைல்ஸ் இடுக்குல பூச்சையே அரிச்சிரும்.
தெனம் ரெண்டு தடவ தாள முக்கி
நெறம் பாத்துக்கிடுவோம்.
உள்ள யாருக்கா பாக்குறது?"

பார்க்கிறவையும் உண்டு. அணைக்கும் நொதிகள்.
ஓயாத ஷிப்டில் அவை அசந்துபோயிருக்கும்
என்று நான் ஆரம்பிப்பதற்குள்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"இந்த ரிப்போர்ட்டு கம்பெனிக்குப் போவுமா?"

தெரியாது என்றேன்.
தெரியும்.

இன்றிரவும் வேலை முடிந்து
மேசை துடைக்க பிளீச் கலக்கினேன்,
ஒன்றுக்கு ஒன்பது தண்ணீர்.
கண்ணாலேயே ஊற்றிப் பழகியவள்
இன்று குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி
கோட்டை இரண்டு தடவை பார்த்தேன்.

அளவு சரிதான்.
அப்படியும் மூக்கு எரிந்தது.