பாரம் ஏற்றிப் பார்த்தல்

கிலோ தொண்ணூற்றிரண்டு என்றார் சேகு நெய்னா,
தட்டுவண்டியில் தராசோடு வந்தவர்.
அவருக்கு அது ஈயம், பதினெட்டு கிலோ.
எனக்கு இன்னும் பேட்டரிதான்.
சலேத்தின் வள்ளத்தில் மூன்று வருஷம்
ஜிபிஎஸ்ஸுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் உழைத்து
போன கச்சானில் மூச்சை விட்டது.
கொடுக்கலை என்றேன்.
வச்சுத் தாலாட்டப் போறியாம்மா என்றார்.

ஆறு மூடிகளையும் ஐந்து ரூபாய்க் காசால் திருகினேன்.
டார்ச் அடித்தால் தகடெல்லாம் வெள்ளை.
வாலிநோக்கத்துப் பாத்தியில்
வெயிலேறியதும் பூக்குமே, அந்த வெள்ளை.
பத்து வருஷம் அங்கே உப்பு வாரியவள் நான்.
இது வாருகிற உப்பில்லை.
வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டிய உப்பு.

தண்ணீர்தான் முதல் சிக்கல்.
மூக்கையூர்க் கிணறு குடிக்கவே கரிக்கும்,
இதில் ஊற்றினால் அன்றே அடக்கம்.
சாயல்குடி ஏடிஎம்மின் பின்சுவரில்
ஏசி சொட்டுகிற இடம் ஒன்று உண்டு.
காவலுக்கு இருக்கும் பாக்கியத்திடம் சொல்லி
ஐந்து லிட்டர் கேனை இரண்டு ராத்திரி வைத்தேன்.
அவ்வளவு பணமிருக்கும் அறையிலிருந்து
நான் எடுத்துவந்தது அவ்வளவுதான்.

பிறகு இரண்டு ஆம்பியர். கூட்டக் கூடாது.
அவசரப்பட்டால் தகடு நெளியும்.
நான்கு நாள், ராப்பகலாக,
உள்ளே சின்னச் சின்னக் கொப்புளம்;
வளைக்குள் நண்டு முணுமுணுக்கிற மாதிரி சத்தம்.
ஜன்னல் இரண்டும் திறந்தே கிடந்தன.
சலேத் பீடியோடு வந்தபோதெல்லாம்
வாசலோடு விரட்டினேன்.
கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்
என்னால் நிறுத்த முடியாததை
செத்த பேட்டரி ஒன்று நான்கு நாள் நிறுத்திவைத்தது.
என் பச்சைச் சேலை
துவைத்துக் காயப்போட்டதும் சல்லடையாகக் கொடியில் ஆடியது.
எப்போது தெறித்ததென்று எனக்கே தெரியாது.
அதற்கப்புறம்தான் சோடா உப்பைக் கரைத்துப் பக்கத்தில் வைத்தேன்.

ஹைட்ரோமீட்டர் மிதவை முதல்நாள்
ஆறு அறையிலும் சிவப்பில் கிடந்தது.
நான்காம் நாள் ஐந்து பச்சை.
மூன்றாவது அறை மட்டும் பாதியில் நின்றுகொண்டது.
இன்னொரு நாள் கொடுத்தேன்.
அசையவில்லை.

மீட்டர் வைத்தால் பன்னிரண்டு புள்ளி ஆறு.
நம்பவில்லை நான்.
சும்மா உட்கார்ந்திருக்கையில் எல்லாருமே
பன்னிரண்டு புள்ளி ஆறுதான்.

கம்பத்தில் உப்பேறி இன்சுலேட்டர் வெடித்த ராத்திரி
தெருவே இருட்டு.
ஒரு பல்பு, ஒரு குட்டி ஃபேன்,
ஒன்பது மணிக்கு மாட்டினேன்.
அடுத்த வீட்டுப் பிரகாசி ஓடிவந்தாள்;
வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல்
ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
மகனைப் பற்றிப் பத்தரை வரை பேசிவிட்டுப் போனாள்.
விடியும்வரை ஓடும் என்பது என் கணக்கு.

ஒன்று இருபதுக்கு நின்றது.
மூன்றாவது அறை
மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு இறங்கியிருந்தது.
சலேத் வேர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்தான்.
மணி கேட்டான்.
சட்டையைத் தேடினான்.
ஒன்றரைக்கு வள்ளம் தள்ளணும்;
அலாரம் அடித்து ஒருநாளும் எழுந்திராத ஆள்.

சேகு நெய்னா மறுபடி வந்தார். தொண்ணூற்றைந்து.
ராத்திரி முழுக்க நிற்காதேம்மா அது, என்றார்.
முழுக்க வேண்டாம்ண்ணே,
ஒன்று இருபதுக்கு நின்றால் போதும்.