பதினொன்றரை கிலோ

இருதயராஜ் துப்பாக்கி செய்தான்.
மருந்து இல்லை, புகை இல்லை,
சத்தம்கூட வராது என்றான்.
இனிமேல் உலகத்துக்கே இதுதான் என்றான்.

எருக்கஞ்சேரி ஹைரோட்டில் எங்களுடையது மோட்டார் சுற்றும் கடை.
எரிந்துபோன சப்மெர்சிபிளின் வயிற்றைக் கிழித்து
கருகிய செம்பை உருவிப் போட்டுவிட்டு
புதுச் செம்பு சுற்றுவோம், நாளெல்லாம்.
கம்பி ஓடி ஓடி என் கட்டைவிரலில் விழுந்த பள்ளம்
ஞாயிற்றுக்கிழமையும் மூடுவதில்லை.
காயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவேண்டாம்
என்றுதான் நினைத்திருந்தோம்.

செத்த யூபிஎஸ்களிலிருந்து கெப்பாசிட்டர்கள் வந்தன.
பிவிசி குழாய் ஒரு முழம். அதன்மேல் நாலு காயில்.
தோட்டா, தலை வெட்டிய மூன்றங்குல ஆணி.
நிரம்பும்போது ஒரு கீச்சொலி,
கொசு ஒன்று பாட்டு கற்றுக்கொள்வது போல.
பதினாறு விநாடி.
எதிராளி அதுவரை நிற்பானா என்று கேட்டேன்.
"டீ சொல்லி நிக்க வை" என்றான்.

டப்.
தெர்மாகோல் மீன்பெட்டியில் பாதி நுழைந்து
முறைத்துக்கொண்டு நின்றது ஆணி.

அன்றிரவு ஷட்டரின் உள்பக்கம் சாக்பீஸில் கணக்கு.
நூறு போட்டால் இரண்டு திரும்புகிறது.
மிச்சமெல்லாம் காயிலில் சூடாக உட்கார்ந்திருக்கிறது,
தொட்ட இடத்தில் தோல் வழண்டது.
"இப்படி ஒரு சீட்டுக் கம்பெனி நடத்தினா
தெருவே சேந்து ஒதைச்சிருக்கும்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
நிஜத் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து
விபூதிபோல ஒரு சிட்டிகை.
அந்தச் சிட்டிகையின் கோபத்துக்கு ஈடுகட்ட
இவன் முதுகில் ஓர் அரிசி மூட்டை கெப்பாசிட்டர் ஏற்றவேண்டும்.

மொட்டைமாடியில் ஏறி நின்றால் வடக்கே
அனல்மின் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு.
இத்தனை கரண்ட் பிறக்கிற ஊர்.
சாம்பல் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் வருகிறது
எண்ணூர் முகத்துவாரம்வரை.
கரண்ட் ஒரு கைப்பிடி நிற்கமாட்டேன் என்கிறது.

மூன்றாம் நாள்தான் பிடிபட்டது.
துப்பாக்கி என்றால் தள்ளும்.
இது தள்ளுவதே இல்லை. வா வா என்று கூப்பிடுகிறது.
தன் நடுவுக்கு இழுக்கத் தவிர
காயிலுக்கு வேறொன்றும் தெரியாது.
ஆணி நடுவைத் தொடும் அதே கணம் கரண்ட் சாகவேண்டும்.
கண்ணிமைப்பில் நூறில் ஒரு பங்கு பிந்தினாலும்
போகிறதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது.
ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன்,
குழாயின் வாய்வரை போன ஆணி
உள்ளேயே திரும்பி வந்து
முன்னும் பின்னும் இரண்டு ஆட்டம் ஆடி
நடுவில் படுத்துக்கொண்டது.
இருதயராஜ் கெட்ட வார்த்தை சொன்னான்.
நான் பேசவில்லை.
விட்டபிறகு திரும்பி வந்த ஒன்றை
இந்தப் பக்கத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிறு காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷின் வேலை.
அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.
டெய்சி தன் தராசில் வைத்தாள்.
பதினொன்றரை.
"வஞ்சிரமா இருந்தா நாலாள் சாப்பாடு கிலோவுக்கு. இது எதுக்கு?"
"சுடறதுக்கு."
"காக்கா ஓடுமா?"

கருவாட்டுப் பாய்க்கு மேலே இரண்டு கையாலும் ஏந்தி
அவன் காத்திருந்தான். கீச்சொலி ஏறியது.
ஒன்பதாவது விநாடியில் காக்கை
ஒரு நெத்திலியை எடுத்துக்கொண்டு
அவசரமில்லாமல் மதில்மேல் போய் உட்கார்ந்தது.
டெய்சி சும்மா குனிந்தாள்.
கல் எடுக்கவில்லை,
எடுக்கிற மாதிரி குனிந்தாள், அவ்வளவுதான்.
பாய் முழுக்கக் கறுப்பாக எழும்பிப் பறந்தது.

எடை போட்டதற்கு அஞ்சு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டாள்.