வாடைக்கு முதுகு காட்டி

ஊட்டி என்றான் ஜெரால்டு.
அவனுக்கு முப்பத்தொரு வயது,
அவன் சைக்கிளுக்கு இருபத்தொரு கியர்.
எனக்கு நாற்பத்தாறு.
பனி விழுந்தால் என் வலதுகை மோதிரவிரல்
பிரேக்கைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்கிறது.

பந்தலடி டீக்கடையில்
போனை நடுவில் வைத்து
ஊர் ஊராகக் குளிரை விசாரித்தோம்.
ஊட்டி ஏழு. கொடைக்கானல் ஒன்பது.
மன்னார்குடி இருபது,
தொண்டி இருபத்து மூன்று.
"மூணு டிகிரிக்கா
நூத்தி முப்பது கிலோமீட்டர் மிதிக்கணும்?"
தையல்நாயகிக்கு சர்வேயர் ஆபீஸில் வேலை.
எதையும் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

மூன்று டிகிரி என்பது ஒரு ஸ்வெட்டர்.
ஸ்வெட்டர் இல்லாத பையில்
இரண்டு டியூப், ஒரு பம்ப்,
அரைக்கிலோ கடலைமிட்டாய்.
இதையெல்லாம் சொல்லத் தோன்றவில்லை அப்போது.
காத்து, என்றேன்.
தை மாசத்து வாடை
தெற்கே போகிறவன் முதுகைத் தள்ளும்.
"திரும்பறப்ப?"
திரும்பறப்ப ராமநாதபுரத்தில் ரயில்.
ஜெரால்டு கிளாஸைக் கவிழ்த்து வைத்தான்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம்.
பாமணியாற்றுப் பாலத்தில்
முன்விளக்கு வெளிச்சம் மூன்றடி போய்
பனியில் முட்டி நின்றது.
புருவத்தில் ஈரம். யாரும் பேசவில்லை.
பெருகவாழ்ந்தான் தாண்டித்தான் வெயில்.

வெயில் வந்த இடத்தில் பாதிச் சாலை இல்லை.
கருங்கல் வரிசை வைத்து எல்லை கட்டி
தார் மேல் நெல்.
ஒருத்தி காலாலேயே சால் இழுத்து
துழாவிக்கொண்டு போனாள்.
ஈரம் பதினேழுக்கு இறங்கணுமாம்,
இல்லையென்றால் கொள்முதலில் திருப்பிவிடுவார்களாம்.
அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது,
வெதுவெதுப்பான வழியை
எங்களுக்கு முன்பே பிடித்துவிட்டாள்.

இறங்கித் தள்ளினோம்,
இருபத்தொரு கியரும்தான்.
"எங்க போறீக?"
"தொண்டிக்கு."
"அங்க என்ன விசேசம்?"
"வெயில்," என்றாள் தையல்நாயகி.
அவள் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்,
பிறகு எங்களை.
"ஏன், இது பத்தலையா?"
ஜெரால்டு முதல்முறையாகச் சிரித்தான்.

முத்துப்பேட்டை வந்துதான் கவனித்தேன்,
மோதிரவிரல் மணியடித்துக்கொண்டிருந்தது.
அதிராம்பட்டினம் வரைக்கும்
காலுறைக்குள் ஒற்றை நெல்
குத்திக்கொண்டே வந்தது.
நிறுத்தி எடுத்திருக்கலாம்.
காற்று நல்ல தள்ளு தள்ளிக்கொண்டிருந்தது.